சிக்னல் போட்டால் ஹோன் அடிக்கும் எங்கள் மொரிஸ்

இன்று தங்கச்சிக்குக் கல்யாணம். வீட்டிலிருக்கும் பழைய மொரிஸ் மைனரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று ஒரே பிடிவாதம்.

அந்தக் காரின் வயரெல்லாம் தொட்டாலே உதிரும். நானும் என் வீட்டுக்காரரும் வீடியோ பார்த்துப் பார்த்து, மொத்த வயரையும் புதிதாக மாற்றினோம்.

காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தேயிலைத் தோட்டத்து முதல் வளைவில் சிக்னல் போட்டேன். ஹோன் அலறியது.

"என்னங்க இது?"

"ரெண்டு வயரு மாறிருச்சு போல. பரவாயில்ல, நீ ஓட்டு புள்ள," என்றார் பக்கத்திலிருந்த வீட்டுக்காரர்.

குருவிட்ட டவுனுக்குப் போகும் வழியில் வளைவுக்கா பஞ்சம்? ஒவ்வொன்றிலும் அலறல்தான். லயத்து வீடுகளிலிருந்த சனமெல்லாம் வெளியே வந்து கைகாட்டியது.

டவுனில் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். காரை ஓரமாக நிறுத்தினேன். தங்கச்சியோ பின் சீட்டிலிருந்து மாலையோடு தலையை நீட்டி, "இன்னைக்கு எனக்குக் கல்யாணம் சேர்!" என்று சிங்களத்தில் கத்தினாள்.

அவர் சிரித்துவிட்டு, மற்ற வாகனங்களை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். முகூர்த்தத்துக்கு முன்பே கோயிலில் இருந்தோம்.

வயரிங் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதைத் திருத்துவதா, இப்படியே விடுவதா? கொழுந்தன் தன் கல்யாணத்துக்கு இப்போதே காரைக் கேட்டுவிட்டான்.