தொட்டியில் தாண்ட லைஃப் ஜெக்கட்

போன வெள்ளிக்கிழமை பெரியகல்லாற்றில் தங்கச்சி சுமதி வீட்டுக்குப் போனேன். கிணற்றடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ கிடந்தது.

"என்ன புள்ள அது?"

"அவருக்கு வாங்கின லைஃப் ஜெக்கட்... உப்புப் போகட்டும் எண்டு ஊறப் போட்டன். தாண்டு அடிக்குப் போச்சு அக்கா."

'அவர்' என்றால் அவள் கணவர் குமார். கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போய் வலை போடுகிறவர்! கடல் கொந்தளிக்கிற வாடைக்காலம் வருகிறதே என்ற பயத்தில்தான் சுமதி அதை ஒன்லைனில் வாங்கினாள்.

தூக்கித் தையலைப் பிரித்தோம். உள்ளே தண்ணீரை உறிஞ்சுகிற, மெத்தைக்கு வைக்கிற ஸ்பொன்ஞ்!

"இதைப் போட்டுட்டுத்தானே அக்கா மனிசன் முந்தநாளும் கடலுக்குப் போனது..." என்றாள் சுமதி.

"வந்தவுடனே பிரிச்சு, தண்ணியில போட்டுப் பாத்து ஒரு வீடியோ எடுக்கலையா?"

"என்னக்கா கதைக்கிறாய்? வெயிலுக்குள்ள வந்த கூரியர்காரர். தேத்தண்ணி குடுத்து அனுப்பினன். அவர்ர முன்னால பிரிச்சா மரியாதையா இருக்குமா?"

கலியாணப் பரிசைக்கூட ஆட்கள் போன பிறகுதானே பிரிக்கிறோம்? பரிசு வேறு, பார்சல் வேறு என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

விற்றவரின் நம்பருக்கு எடுத்தால் லைன் போகவில்லை. 'விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது' என்று அவர் விற்கிற ஒன்லைன் பக்கத்தில் ஒரு வரி. அதைப் பார்த்தே சுமதி சோர்ந்துவிட்டாள். ஆனால் பழுதான பொருளை விற்றவர் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. முறைப்பாடு செய்யச் சட்டம் இடம் தருகிறது.

சரி... விற்றவர் யார் என்று சட்டம் கேட்குமே? முகவரி ஒட்டிய பார்சல் உறையோ அடுப்புக்குள் போய்விட்டது.

"கூரியர்காரரிட்டக் கேப்பமா?"

"பாவம் அக்கா. அவருக்கு ஏதும் கரைச்சல் வந்தா?"

கோபம் வந்தது எனக்கு. புருஷன் கடலுக்குப் போகிறவர், இவளுக்குக் கூரியர்காரர் கவலை! போனைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதே ஜெக்கட், அதே சிரிக்கிற படம். கீழே ஒரு அம்மா கேட்டிருந்தார்: 'மகன் கடலுக்குப் போறவர். பெரிய சைஸ் இருக்கா?'

சுமதி போனை வாங்கி, 'வாங்காதீங்க, தாண்டு போகும்' என்று எழுதினாள். கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. அவளையும் பிளொக் பண்ணிவிட்டார்கள். அந்த அம்மா அதைப் பார்த்தாரோ, இல்லையோ... இதை எழுதும்போதும் அதுதான் மனதை அரிக்கிறது.

"அக்கா, கூரியர்காரருக்கு இப்பவே எடுக்கிறன். அனுப்பினவன்ட பேரைக் கேப்பம். முறைப்பாடு எடுக்கிற கந்தோருக்கு நீயும் வா" என்று எழும்பினாள் சுமதி. நனைந்த ஜெக்கட்டையும் பையில் போட்டுக்கொண்டாள்.

கூரியர்காரருக்குத் தேத்தண்ணி கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை — அவர் குடித்து முடிப்பதற்குள் பார்சலைப் பிரித்துச் சோதித்துவிடுங்கள்!