நான்கு நாற்காலிகளும் அறுபத்தொரு பேரும்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசற்காவலருக்கே தெரியாது. நாற்காலியம்மா என்று கேட்டால், மூன்றாவது மாடி, தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை என்று கை காட்டிவிடுவார். மாலை ஏழு மணி விவாதத்துக்கு நான்கு பேரைப் பிடித்து நான்கு நாற்காலிகளில் உட்கார வைப்பது அவர் வேலை. அவர் பார்த்த அத்தனை வருடத்திலும் ஒரே ஒரு நாள்தான் அந்த நாற்காலிகள் நிரம்பவில்லை. போன மாதம் அவர் இறந்தபோது வீட்டில் கூடியவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

அதற்கு முன்பு பதினோரு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தார். எதிர்முனையில் ஒருவர் "ஹலோ" என்றாலே, பசியில் இருக்கிறாரா, பயத்தில் இருக்கிறாரா என்று கண்டுபிடித்துவிடுகிற காது அங்கேதான் வாய்த்தது. நிலையத்தில் அந்தக் காதை வைத்துக்கொண்டு கருத்து சொல்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதினார். நாட்டை ஆளும் தலைவரை ஆதரிப்பவர்களுக்கு நீல அட்டை, எதிர்ப்பவர்களுக்குச் சிவப்பு. ஓய்வுபெற்ற தளபதியின் நீல அட்டையில், "வரைபடம் கேட்பார். கொடுத்தால் நிறுத்த மாட்டார்" என்று இருக்கும். பேராசிரியரின் சிவப்பு அட்டையில், "மூன்றாம் நிமிடம் கோபம். தண்ணீர் முன்கூட்டியே." எதிர்க்கட்சி வக்கீலுக்கு, "வண்டி தாமதமானால் வாசலிலேயே சண்டையைத் தொடங்கிவிடுவார்."

இரண்டு நீலம், இரண்டு சிவப்பு. எதிரும் புதிருமாக. அதுதான் விதி. நிகழ்ச்சியை நடத்துகிற நெறியாளர் வைத்த விதி. அவர் சொல்லே அங்கே சட்டம்.

கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகளுக்கிடையே போர் மூண்டபோது நாற்காலியம்மாவுக்கு வேலை சுலபமானது. ஆறு வாரமும் ஒரே தலைப்பு, சொற்கள்தான் இடம் மாறின. தலைவர் பொறுமை காக்கிறாரா, தூங்குகிறாரா? தலைவர் பேசியது ராஜதந்திரமா, பயமா? அங்கே துறைமுக நகரங்கள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன. இங்கே நான்கு பேரும் தலைவரின் முகத்தைப் பற்றியும் குரலைப் பற்றியும், அவர் அந்நிய அதிபருக்குக் கை கொடுத்த விதத்தைப் பற்றியும் தொண்டை கிழியப் பேசினார்கள். நாற்காலியம்மாவின் கணவர் பேருந்து ஓட்டுநர். சாப்பிடும்போது அதைப் பார்த்துவிட்டு, "உன் ஆளுங்க நாலு பேரையும் என் வண்டியில ஏத்திவிடு. எங்க இறங்கணும்னு கேட்டா, நான் எப்படி ஓட்டுறேன்னு கருத்து சொல்லுவாங்க" என்பார்.

ஏழாவது வாரம் அந்தச் சிரிப்பு நின்றது.

நாற்காலியம்மாவின் தங்கை கணவர் அந்த நாடுகளில் ஒன்றில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மோட்டார் பழுது பார்க்கிறவர். அவரோடு நம் ஆட்கள் அறுபது பேர். குண்டு விழத் தொடங்கியதும் ஆலை நிர்வாகம், எல்லாரையும் ஊருக்கு அனுப்பியாயிற்று என்று தூதரகத்துக்கு ஒரு தாளை அனுப்பிவிட்டு, தான் மட்டும் கிளம்பிப் போய்விட்டது. அந்தத் தாளை நம்பித்தான், வெளியேற விரும்பிய அனைவரும் வெளியேறிவிட்டார்கள் என்று தலைவர் அறிக்கை விட்டார். தாளின்படி ஊருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய அறுபத்தொரு பேரும் அங்கேயே, பெரும்பாலும் ஆலையின் நிலவறையில், உட்கார்ந்திருந்தார்கள். கடைசி மீட்புக் கப்பல் வெள்ளிக்கிழமை காலை. பட்டியலில் பெயர் இல்லாதவர்களைத் துறைமுகத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

தங்கை அமைச்சகத்துக்கு நடையாய் நடந்தாள். "வந்துட்டாங்கன்னு இருக்கேம்மா" என்று தாளைக் காட்டினார்கள். திங்கட்கிழமை மாலை அவள் அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. கையில் ஒரு பள்ளி நோட்டு. அதில் கணவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதிய அறுபத்தொரு பெயர்களும் கடவுச்சீட்டு எண்களும்.

"இதை யாராவது சத்தமா படிச்சா போதும்க்கா. தலைவர் ஆளுங்க காதுல விழுற மாதிரி."

நாற்காலியம்மா நெறியாளரிடம் போனார். அவர் கேட்ட முதல் கேள்வியே, அவங்க எந்தப் பக்கம் என்பதுதான். எந்தப் பக்கமும் இல்லை, புருஷன் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றார் நாற்காலியம்மா. நடுவில் ஒருவரை உட்கார வைத்தால் பார்க்கிறவர்கள் குழம்பிப்போவார்கள், அரசாங்கத்தின் மேல்தானே குறை, சிவப்புப் பக்கம் போடுங்கள் என்றார் அவர். நாற்காலியம்மாவும் பதினெட்டு வருடப் பழக்கத்தில் தலையை ஆட்டிவிட்டார். தான் செய்த தப்பு அதுதான் என்று பின்னால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஊரார் நாற்காலியையெல்லாம் அளந்து போட்டவர் தன் தங்கைக்குப் போட்டதைத்தான் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை தங்கை வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே தளபதியும், தலைவரின் செய்தித் தொடர்பாளரும். தங்கை நோட்டைத் திறப்பதற்குள் வக்கீல் அவளைச் சுட்டிக்காட்டி, இந்தச் சகோதரியின் கண்ணீருக்குத் தலைவர் பதில் சொல்லட்டும் என்று முழங்கினார். அவள் கண்ணில் பொட்டு நீர் இல்லை. எதிர்க்கட்சி கூட்டி வந்த நாடகம் என்று செய்தித் தொடர்பாளர் திருப்பி அடித்தார். தளபதி வரைபடம் கேட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் தங்கைக்குக் கிடைத்தது முக்கால் நிமிடம். அதில் மூன்று பெயர் படித்தாள். நான்காவது பெயரின்மேல் விளம்பரம் வந்துவிட்டது.

வெளியே வந்து நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "நாளைக்கும் வரவாக்கா?" என்று கேட்டாள்.

"வா. நாளைக்கு வேற மாதிரி."

புதன்கிழமை காலை நாற்காலியம்மா நான்கு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். செய்தித் தொடர்பாளருடையதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற மூவருக்கும் போன் போட்டார். பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார். நடந்ததைச் சொன்னார், இன்று ஒரு நாள் வராமல் இருக்க முடியுமா என்று கேட்டார். பேராசிரியர் மூன்றாவது நிமிடத்தில் கோபப்பட்டார். ஆனால் அந்தக் கோபம் ஆலை நிர்வாகத்தின் மேல். வரவில்லை என்றார். வக்கீல், தான் இல்லாமல் செய்தித் தொடர்பாளரை யார் மடக்குவது என்றார். யாரும் மடக்க வேண்டாம், அதற்காகத்தான் கேட்கிறேன் என்றார் நாற்காலியம்மா. வக்கீல், தன் அப்பாவும் வெளிநாட்டில் கப்பலுக்கு வண்ணம் அடித்தவர்தான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். தளபதிதான் மசியவில்லை.

"நான் வரலைன்னா போரைப் பத்தி யாரும்மா பேசுறது?"

"ஒரு நாள் போர் அது பாட்டுக்கு நடக்கட்டுங்க. அடுத்த தடவை உங்களுக்குப் பெரிய வரைபடமா ஒட்டி வைக்கிறேன்."

"எவ்வளவு பெருசு?"

"சுவர் முழுக்க."

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நெறியாளர் அரங்குக்குள் வந்தார். செய்தித் தொடர்பாளரையும் தங்கையையும் தவிர யாரும் இல்லை. நாற்காலியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மத்தவங்க எங்க?"

"நான்தான் வர வேணாம்னு சொன்னேன்."

"உங்களை வேலையை விட்டுத் தூக்கிருவேன், தெரியுமா?"

"நாளைக்குத் தூக்குங்க சார். இப்ப ஏழு மணிக்கு இந்த ரெண்டு பேர்தான் இருக்காங்க. இல்லன்னா காலி நாற்காலியக் காட்டுங்க."

நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். நாற்காலியம்மா அதற்குள் இன்னொரு வேலையும் செய்திருந்தார். தங்கையின் நாற்காலியை எதிர்ப்பக்கம் போடாமல், செய்தித் தொடர்பாளருக்கு ஒட்டினாற்போல் போட்டுவிட்டார். எதிரே இருப்பவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். முழங்கை இடிக்கிற தூரத்தில் இருப்பவரிடம் கத்த யாருக்கும் வாய் வராது. பதினெட்டு வருடம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது அது.

செய்தித் தொடர்பாளர் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் பதில்கள் எழுதிய துண்டுத்தாள். எதிரே வெறும் மேசை. தலைவரின் நிலைப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசிப் பார்த்தார். மறுக்க ஆளில்லாததால் பேச்சு தானாகவே தேய்ந்து நின்றது. அப்போது தங்கை நோட்டைத் திறந்தாள். பெயர், எண். பெயர், எண். ஏழு நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டாவது பெயரில் அவர் அவள் பக்கம் சாய்ந்து நோட்டைப் பார்த்தார். இருபதாவது பெயரில், கையெழுத்து புரியாத ஓர் எண்ணை, "இது ஏழா, ஒண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுங்க."

முப்பத்தெட்டாவது பெயர் அவள் கணவருடையது. அதற்கென்று நிறுத்தவில்லை, மற்றவற்றைப் போலவே படித்துவிட்டுப் போனாள். படித்து முடித்ததும் செய்தித் தொடர்பாளர் நோட்டைத் தரும்படி கேட்டார். நெறியாளர், இது தலைவரின் தோல்வி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று தொடங்கினார். "சார், முதல்ல இதைப் படம் எடுத்து அனுப்பிக்கிறேன்" என்று செய்தித் தொடர்பாளர் கைபேசியை எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கப்பலில் நாற்பத்துநான்கு பேர் ஏறினார்கள். தங்கை கணவரும் ஏறினார். மிச்சம் பதினேழு பேர், ஆலையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்த நீரேற்று நிலையத்தில் இருந்தார்கள், சாலை துண்டிக்கப்பட்டிருந்தது. அன்று ஏழு மணிக்குத் தளபதி சுவர் நிறைந்த வரைபடத்துக்கு முன்னால் நின்று, தலைவரின் மீட்புத் திறனை விளக்கினார்.

நாற்காலியம்மாவை வாசல் வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் நான்கு சிவப்புகள் ஒன்றாக வந்து உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தலையாட்டியே ஒரு மணி நேரத்தை ஓட்டினார்கள். நெறியாளரே கீழே இறங்கி வந்து, மேலே வாங்கம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்.

அதற்குள் நாற்காலியம்மா இன்னொரு பழக்கத்தைத் தொடங்கியிருந்தார். காலை பத்து மணிக்குச் செய்தித் தொடர்பாளருக்கு ஒரு போன். "வணக்கங்க. பதினேழு." அவ்வளவுதான். முதல் வாரம் எரிந்து விழுந்தார். இரண்டாம் வாரம் எடுக்கவே இல்லை. எடுக்கும் வரை அடித்தார். நம் வீட்டு ஆள்தான் வந்துவிட்டாரே, இன்னும் எதற்கு என்று தங்கையே கேட்டாள். "நீ பதினேழு பேரைச் சேர்த்துத்தானடி படிச்சே" என்றார் அக்கா.

மூன்றாம் வாரம் செய்தித் தொடர்பாளரின் குரலில் களைப்பு தெரிந்தது. அது தன் மேலான எரிச்சல் இல்லை, யாரிடமோ நின்று வாதாடிவிட்டு வந்த களைப்பு என்று நாற்காலியம்மாவின் காதுக்குப் புரிந்தது. அதன்பிறகு எண்ணிக்கை இறங்கியது. எல்லை தாண்டி லாரியில் ஐந்து பேர். பன்னிரண்டு. பிறகு எட்டு. பிறகு மூன்று. நாற்பத்தோராம் நாள் அவரே கூப்பிட்டார்.

"எல்லாரும் வந்துட்டாங்கம்மா. நாளைக்குத் தலைவர் அறிக்கை விடுறார். முடிஞ்சுது."

"ஒண்ணு, சார்."

அவருக்கும் தெரியும். நீரேற்று நிலையத்தின்மேல் குண்டு விழுந்தபோது ஒரு வெல்டர் இறந்திருந்தார். உடல் அங்கே ஏதோ மருத்துவமனைக் குளிர்பெட்டியில் இருந்தது. உயிரோடு இருப்பவர்களைத்தான் மீட்பு என்று சொல்கிறோம் என்று அவர் விளக்கப் பார்த்தார்.

"அவரும் அறுபத்தொண்ணுல ஒருத்தர். அவரோட நம்பரைத்தான் நீங்க கேட்டீங்க, ஏழா ஒண்ணான்னு."

மறுநாள் தலைவரின் அறிக்கை வரவில்லை.

அடுத்த பத்து நாளும் பத்து மணிக்கு "ஒண்ணு" என்று மட்டும் சொன்னார் நாற்காலியம்மா. பதினோராம் நாள் விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகைக்கு வெல்டரின் மனைவியோடு போனார். உடல் வந்த பெட்டியோடு இருந்த காகிதங்களைச் சரிபார்த்த அதிகாரி மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நீங்கள் யார், உறவா என்று நாற்காலியம்மாவைக் கேட்டார். இல்லை என்றார். அப்படியானால் வெளியே நிற்க வேண்டும் என்றார் அதிகாரி. வெல்டரின் மனைவி நாற்காலியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதிகாரி அடுத்த காகிதத்தைப் புரட்டினார்.

பெட்டியை வண்டியில் ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். மூன்று பேர்தான் இருந்தார்கள். நாற்காலியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலியாக இருந்த மூலைக்குப் போய்க் குனிந்தார்.