டிவியில் தெரிந்த முகம்

அடையாற்றில் ஒரு பள்ளி மைதானம். நாளை இங்கே நடக்கும் நீளம் தாண்டும் போட்டிக்காக என் மாணவி செல்வியோடு திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறேன். நான் அவளுடைய உடற்கல்வி ஆசிரியை. இரண்டு மாதமாக ஒவ்வொரு தாண்டலிலும் கால், மிதித்து எழும்ப வேண்டிய பலகைக்கு அப்பால் பதிந்து ஃபவுல் ஆகிறது. கவனமில்லை என்று திட்டித் தீர்த்திருக்கிறேன்.

இந்தப் பள்ளியில் விளையாட்டு வகுப்புக்கென்றே வீடியோ கேமராவும், மைதான ஓரத்தில் ஒரு டிவியும் இருக்கின்றன. செல்வி ஓடிவருவதைப் படமெடுத்து, கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மணல் குழியைக் கிளறிக்கொண்டிருந்த பள்ளி ஆயா கன்னியம்மா எட்டிப் பார்க்கிறார்.

"இன்னா டீச்சர், காலையே பாத்துக்கினு கீறீங்க? மூஞ்சியப் பாருங்க. பலக கிட்ட வந்தவொடனே பொண்ணு கண்ண மூடிக்குது."

படத்தை நிறுத்துகிறேன். உண்மைதான்.

"மூடுறேன்னு எனக்கே தெரியாது டீச்சர்," என்கிறாள் செல்வி. "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தாண்டறப்பக் கீழ விழுந்ததிலேருந்து பயமா இருக்கு. திட்டுவீங்கன்னு சொல்லல."

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் தோளைத் தட்டிக்கொடுக்கிறேன். கன்னியம்மா மணலை இன்னும் இளக்கிவிடுகிறார்.

"மெத்துனு கீது, வா கண்ணு."

கேமராவை மறுபடி ஓடவிடுகிறேன். செல்வி கண்ணை அகலத் திறந்தபடி ஓடிவருகிறாள். கால் பலகையிலேயே பதிகிறது. அப்பாடா என்றிருக்கிறது எனக்கு. அவளோ ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல், தன் முகத்தைப் பார்க்க டிவியிடம் ஓடுகிறாள்.