தொட்டில் கயிற்றில் கண்ட கறை

என் மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, தூத்துக்குடியில் கருவாட்டு மூட்டைகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கிக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தோம். ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு ரோசம்மாள் குழந்தையைப் பார்க்க வந்தாள். வந்தவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏளா, இந்தக் கறுப்புக் கோடு எப்பம் விழுந்துச்சு?"

"அடுப்புக் கரிதான், அக்கா" என்றேன்.

அவள் விரலால் தேய்த்து முகர்ந்தாள். "கரியில்லளா, பிசுக்கு. எலி தெனமும் ஒரே தடத்துல ஒரசிக்கிட்டுப் போகுது."

அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து கிளம்பிய கோடு, சுவர் மூலையில் ஏறி உத்தரத்துக்குப் போனது. அந்த உத்தரத்தில்தான் தொட்டில் கட்டியிருந்தது. கயிறும் கறுத்து மினுங்கியது. ரோசம்மாள் பதறிக் குழந்தையைத் தூக்கினாள். தொட்டில் சேலையின் மடிப்பில் எலிப்புழுக்கை கிடந்தது. பால் சிந்திய ஓரத்தை எலி கொறித்திருந்தது. பிள்ளையின் உடம்பை விரல் விரலாகப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை.

"மாதாவே!" என்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "இனி இங்கன கெடக்க வேண்டாம். எங்க வீட்டுக்கு வா."

வேறு வீடு கிடைக்கும்வரை அவள் வீட்டில்தான் இருந்தோம். மகனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் அழாமல் தூங்கிய இரவுகளை நல்ல இரவுகள் என்று நான் நினைத்திருந்தேன். அந்த இரவுகளில் கயிறு வழியே இறங்கி வந்த எலி அவன் முகத்தருகே எவ்வளவு நேரம் இருந்ததோ, இன்றும் எனக்குத் தெரியாது.