டி4 பெட்டி நின்ற இடம்

ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றேகால் மணிக்கு அந்த போன் வந்தது. பெங்களூர் கே.ஆர்.புரம் பக்கத்தில் நாங்கள் பதிவு செய்திருந்த விருந்தினர் விடுதியின் மேலாளர் பேசினார். போர்வெல் மோட்டார் எரிந்துபோய்விட்டது, டேங்கர் தண்ணீரை நம்பி முப்பத்தொரு பேரைத் தங்கவைக்க முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். நான் "சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் மாநாடு. பார்வையற்ற விசுவாசிகளுக்காக லிங்கராஜபுரத்தில் உள்ள எங்கள் சபை முதல்முறையாக எடுத்து நடத்தும் மூன்று நாள் மாநாடு. தங்குவது, கூட்டம், சாப்பாடு எல்லாம் அந்த விடுதியிலேயே என்று ஏற்பாடு. பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் நான்தான் பொறுப்பு. எல்லோரும் என்னைக் கைகாட்டியதற்குக் காரணம் உண்டு. நான் நூலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சபையில் நடக்கும் ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வைப்பவன். எந்த ஞானஸ்நானம் எந்தத் தேதியில், எந்த மழைக்கு எந்த ஓடு ஒழுகியது என்று கேட்டால் என் நோட்டுப் புத்தகம் பதில் சொல்லும். "தேவராஜ் அண்ணன்கிட்ட குடுத்தா தப்பு வராது" என்பார்கள். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குடியரசு தினம் திங்கட்கிழமை வந்ததால் சனி, ஞாயிறு சேர்ந்து தொடர் விடுமுறை. பதினான்கு விடுதிகளுக்கு போன் செய்தேன். எங்கும் இடமில்லை.

புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில் போதகர் ஐயா விஷயத்தைச் சொன்னார். பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு சகோதரி, "ஐயா, எங்க வீட்ல ரெண்டு பேர் படுக்கலாம். பாத்ரூம்தான் கொஞ்சம் சின்னது" என்றார். அடுத்தவர், "எங்க வீட்ல மூணு. ஆனா நாய் இருக்கு, கடிக்காது" என்றார். சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. எட்டேகால் மணிக்குள் முப்பத்தொரு பேருக்கும் வீடு கிடைத்தது. கூட்டம் எங்கள் சபை மண்டபத்திலேயே என்று முடிவானது. நான் நோட்டில் எழுதினேன்: "ஜனவரி 21, இரவு 8.15. ஜெபம் கேட்கப்பட்டது." நான் சபையில் சொல்ல வேண்டிய சாட்சி அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புதிய அட்டவணை தயாரித்தேன். யார் எந்த வீடு, அந்த வீட்டாரின் எண், எந்த ரயில், எங்கே இறங்க வேண்டும். முன்பு கே.ஆர்.புரத்தில் இறங்கச் சொல்லியிருந்தோம். இப்போது அதைத் தாண்டி வரும் கன்டோன்மென்ட் ஸ்டேஷன்தான் பக்கம். ஆகவே எல்லோரும் கன்டோன்மென்டில் இறங்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, மூன்று நிற மையில் எழுதிய அட்டவணை. போட்டோ எடுத்து எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். வியாழன் காலைக்குள் முப்பத்தொரு பேருக்கும் நீல டிக் வந்துவிட்டது. நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிராகவும் "பார்த்துவிட்டார்" என்று எழுதினேன்.

என் மனைவி எஸ்தர், "ஒரு தடவ எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்" என்றாள்.

"எழுதி அனுப்பினதுக்கு மேல என்ன போன்? எழுத்துதான் நிக்கும்" என்றேன்.

இந்த இடத்தில் பியூலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்பூர்ப் பெண். வயது இருபத்து மூன்று. பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. முடித்தவள். பெங்களூரில் பார்வையற்றோருக்கான கணினிப் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா இல்லை. அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். மகளைத் தனியே தெருமுனைக் கடைக்குக்கூட அனுப்பாதவர். மாநாட்டுக்கும் முதலில் அனுப்ப மறுத்தார். நான்தான் போனில் ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் அவர் சொன்னது: "சரி பிரதர், அனுப்பறேன். தனியா போய் நல்லபடியா வந்துட்டான்னா படிப்ப பத்தி யோசிக்கலாம். எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இனிமே அந்தப் பேச்சே கெடயாது. உங்கள நம்பித்தான் அனுப்பறேன்."

"என் பொறுப்பு, சிஸ்டர்" என்று சொல்லியிருந்தேன்.

ஜனவரி 23, வெள்ளிக்கிழமை, காலை 10.25. பியூலா வரும் ரயில் கன்டோன்மென்ட் வந்தது. காட்பாடியில் இருந்து வந்த சாமுவேலும் அவர் மனைவியும் இறங்கினார்கள். சாமுவேலுக்குப் பார்வை இல்லை, மனைவிக்கு உண்டு. பியூலா இறங்கவில்லை. ரயில் புறப்பட்டுப் போய்விட்டது. பிளாட்பாரத்தை இரண்டு முறை நடந்து பார்த்தேன். அவள் எண்ணுக்கு அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. பத்து முறை அடித்தேன். ஒருமுறைகூட எடுக்கவில்லை.

10.50-க்கு அவள் அம்மாவின் போன் வந்தது.

"பிரதர், எறங்கிட்டாளா?"

அன்பானவர்களே, அந்த நொடியில் "இறங்கிட்டா, பக்கத்துலதான் இருக்கா" என்று பொய் சொல்ல என் நாக்கு தயாராகிவிட்டது. தேதியைக்கூட மாற்றி எழுதாதவன் நான். ஒரு தாயிடம் பொய் சொல்லப் போனேன். எது தடுத்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

"இன்னும் பாக்கல, சிஸ்டர். ரயில் போயிடுச்சு. தேடிக்கிட்டு இருக்கேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். மறுமுனையில் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "முட்டி போடறதுக்கு இங்க எடமில்ல. நின்னுனே ஜெபம் பண்றேன். நீங்க தேடுங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சாமுவேல் தடியைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, அந்தப் பொண்ணுக்கு எடம் மாறின சேதிய எப்பிடி சொன்னீங்க?"

"உங்களுக்கு அனுப்பினதுதான். அட்டவணை."

"எங்க, என் போன்ல அத கேளுங்க."

அவர் விரலால் தடவினார். போன் ஒரு பெண் குரலில், "படம்" என்றது. மறுபடி தடவினார். "படம்." அவ்வளவுதான்.

"எங்க போனு எழுத்த படிக்கும் அண்ணே, போட்டோவ படிக்காது. என் வீட்டுக்காரிக்கு கண்ணு இருக்கு, படிச்சு சொன்னா. நீங்க தனியா பேசியும் அனுப்பியிருப்பீங்கன்னு நெனச்சேன்." சற்று நிறுத்திவிட்டு, "கண்ணு தெரியாதவங்க மாநாட்டுக்கு கலர் கலரா போட்டோ அனுப்பின மொத ஆளு நீங்கதான்" என்றார்.

அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பத்தொரு நீல டிக். "பார்த்துவிட்டார்" என்று முப்பத்தொரு முறை எழுதியிருக்கிறேன். அதில் முக்கால்வாசிப் பேர் எதையும் பார்க்கவில்லை. மற்றவர்களெல்லாம் துணையோடு வருகிறார்கள். தனியாக வருபவள் பியூலா ஒருத்திதான். அவள் பழைய திட்டப்படி கே.ஆர்.புரத்தில் இறங்கியிருப்பாள். அங்கே நம் ஆள் ஒருவரும் இல்லை.

சாமுவேலையும் மனைவியையும் லிங்கராஜபுரத்துக்கு அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்தேன். டிரைவர் நீலசந்திராவில் குடியிருக்கும் தமிழர். நான் கண்ணை மூடி முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒடம்பு சரியில்லயா?" என்றார். சொன்னேன். அவர் வேகத்தைக் கூட்டினார். டின் ஃபேக்டரி சந்திப்பின் நெரிசலில் எந்தச் சந்து வழியாகப் புகுந்து வெளியே வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஒரு வழியை மட்டும் நான் குறித்து வைக்கவில்லை. பியூலாவின் அம்மா எண்ணுக்கு அடித்தேன். பிஸி. மறுபடியும் பிஸி.

என் ஜெபங்கள் வழக்கமாக நீளமானவை. வார்த்தை தேர்ந்து ஜெபிப்பேன். அன்று எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்: "ஆண்டவரே, அவ பக்கத்துல யாராவது ஒருத்தர உக்கார வையும்."

11.55-க்குக் கே.ஆர்.புரம். வாசலில் இல்லை. படிக்கட்டின் அடியில் இல்லை. காத்திருப்போர் அறையில் இல்லை. ரயில்வே போலீஸ்காரர் கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாகக் கேட்டார்.

"யாவ கலர் டிரெஸ் சார்? உயரமா, குள்ளமா?"

எனக்குத் தெரியவில்லை. அவள் பிறந்த தேதி தெரியும். ஞானஸ்நானம் எடுத்த தேதி தெரியும். முகம் தெரியாது. ஒரு போட்டோகூட நான் கேட்டு வாங்கவில்லை. பெற்ற தாயிடம் "என் பொறுப்பு" என்று சொன்னவன், ஆளை அடையாளம் சொல்ல முடியாமல் நின்றேன். அழுதேன். ஐம்பத்தொன்பது வயதில், அத்தனை பேர் நடுவில் அழுதேன். "கர்த்தாவே, நான் எழுதி வச்சது எதுவும் உதவல" என்றேன்.

"டிக்கெட் விவரமாவது இருக்கா சார்?" என்றார் அவர். நோட்டைத் திறந்தேன். ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40. என் கையெழுத்து. "பியூலாவுடன் பேசினேன். டி4, இருக்கை 37. பெட்டி வாசலுக்கே வருவேன், இறங்கின இடத்தை விட்டு நகர வேண்டாம் என்று சொன்னேன்."

சொன்னதை எழுதியிருக்கிறேன். எழுதியதை மறந்துவிட்டேன்.

டி4 எங்கே நிற்கும் என்று டீ விற்பவரைக் கேட்டேன். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியைக் காட்டினார். ஓடினேன்.

குழாயடி தாண்டி ஒரு சிமெண்ட் மேடை. அதில் மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண். மடியில் பை, கையில் மடக்கிய வெள்ளைத் தடி. பக்கத்தில் இன்னொரு பெண், ஒரு அலுவலகத்தின் ஹவுஸ்கீப்பிங் சீருடையில், இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு.

"பியூலா?"

அவள் தலையைத் திருப்பினாள். "அங்கிள்! வந்துட்டீங்களா?" பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "நான் சொன்னேன்ல அக்கா" என்றாள்.

அந்த அக்கா எழுந்தாள். அவள் பெயர் செல்வி. ஊர் திருப்பத்தூர், குடியிருப்பது ஈஜிபுரா. ஊருக்குப் போய்விட்டு அதே ரயிலில் திரும்பியவள். "நீங்கதானா அது?" என்று ஆரம்பித்தாள். "நல்லா பண்ணீங்க சார். எறங்கும்போது தள்ளுனதுல இது போனு கீழ உழுந்து ஒடஞ்சுபோச்சு. ரிங்கு வருது, எடுக்க முடியல. நானும் நோண்டிப் பாத்தேன். சரி வாம்மா, ஸ்டேஷன் மாஸ்டராண்ட போலாம்னா வரமாட்டேங்குது. அங்கிள் இங்கயே இருக்கச் சொன்னாரு, வருவாருன்னு ஒரே பேச்சு. ஒரு பொண்ண இப்பிடி உட்டுட்டு நான் எப்பிடி டூட்டிக்குப் போறது? சூப்பர்வைசர் நாலு தடவ போன் பண்ணிட்டான்."

"அம்மா நம்பர் மனப்பாடம், அங்கிள். அக்கா போன்ல இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கோம். பிஸி பிஸின்னே வருது" என்றாள் பியூலா.

மறுபடி அடித்தோம். நாலாவது முறை கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டோம். மகளின் குரலைக் கேட்டதும் அந்தத் தாய் வாய்விட்டு அழுதார். அழுகை அடங்கியதும் பியூலா கேட்டாள்: "யாருகூடம்மா அவ்ளோ நேரம் பேசினிருந்த?"

"ஒனக்காக ஜெபம் பண்ணச் சொல்லி சபையில ஒவ்வொருத்தரா போன் போட்டேன்டி. இருவது பேருக்கு மேல சொல்லிட்டேன்."

செல்வி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல ஜெபம்மா! ரெண்டு நிமிசம் நிறுத்தியிருந்தா நாங்களே சொல்லியிருப்போம்ல!" எல்லோரும் சிரித்தோம். ஆனால் நான் ஆட்டோவில் கேட்டதும், ஆம்பூரில் இருபது வீடுகளில் கேட்டதும் அந்த நேரமெல்லாம் அந்தச் சிமெண்ட் மேடையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே உட்கார்ந்திருந்தது. செல்வி நம் சபையைச் சேர்ந்தவள் அல்ல. "நானும் எங்க மாரியம்மாவ வேண்டினேன் சார்" என்றாள். நான் கைகூப்பினேன்.

எனக்கு இன்னொரு பயம் பாக்கி இருந்தது. போனை வாங்கி, "மன்னிச்சிடுங்க சிஸ்டர். தப்பு முழுக்க என்னுது. வேணும்னா இன்னைக்கே நானே கூட்டிட்டு வந்து விட்டுடறேன்" என்றேன். படிப்பு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

"எவ்ளோ நேரம் பிரதர் தனியா இருந்தா?"

"ரெண்டேகால் மணி நேரம்."

"அழுதாளா?"

செல்வி குறுக்கே புகுந்தாள். "அழுவறதா? என் இட்லியில பாதி தின்னுட்டா."

அந்தத் தாய் மெல்லச் சொன்னார்: "இருவத்திமூணு வருசமா நான் உட்டா உழுந்துடுவான்னு நெனச்சினிருந்தேன் பிரதர். தனியாவும் இருப்பா போல இருக்கே. மாநாடு முடிச்சிட்டே வரட்டும்."

நான் பாதுகாப்பாகக் கூட்டிவந்து காட்டியிருந்தால் அந்தத் தாய் என்னைத்தான் நம்பியிருப்பார். என் திட்டம் உடைந்ததால் தன் மகளை நம்பினார். நான் கேட்டது ஒன்று. கிடைத்தது அதைவிடப் பெரியது.

ஏப்ரல் 6, திங்கட்கிழமை, ஈஸ்டருக்கு மறுநாள், பியூலா கணினிப் பயிற்சியில் சேர்ந்தாள். ஆம்பூரில் இருந்து தனியாகவே வந்தாள். செல்வியும் நானும் கன்டோன்மென்டில் நின்றோம். அவள் அம்மா அன்று பகல் முழுக்கப் போனே செய்யவில்லை. சாயங்காலம்தான் செய்தார்.

இப்போது நான் எதையும் போட்டோவாக அனுப்புவதில்லை. எழுத்தாக அனுப்பி, பிறகு குரலிலும் பேசி அனுப்புகிறேன். அனுப்பும் முன் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்கிறேன். என் நோட்டுகளைக்கூட வாசித்துப் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். சாமுவேல் கேட்டுவிட்டு, "தேதி ஜாஸ்தி அண்ணே" என்கிறார்.

உங்கள் வாழ்க்கையில் எந்த ரயில் தவறியிருக்கிறது, யார் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. வழி மாறிய சேதி உங்களுக்கு எட்டாமலும் போயிருக்கலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். சொன்னதை மறந்து, தப்பான ஸ்டேஷனில் நின்ற ஒரு மனிதனை நம்பி அந்தப் பெண் இரண்டேகால் மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். நம்மிடம் வருவேன் என்று சொன்னவரோ எதையும் மறப்பவர் அல்ல. அவர் வரும்வரை பக்கத்தில் இட்லிப் பொட்டலத்தோடு ஒருவரை உட்கார வைத்தும் இருப்பார். திரும்பிப் பாருங்கள். அவருக்கே நன்றி.