லேசாகக் கிழிகிற சட்டை

இரும்புப்பல் குழுவின் சட்டையை அம்மா முதன்முதலில் தேர்ந்தெடுத்த விதம் இது: தோள் தையலை இரண்டு கைகளாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கிழியவில்லை. கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"அம்மா, அது விக்கிறதுக்கு வெச்சிருக்கு," என்றான் கடைக்காரன். காது முழுக்க வளையம்.

"நானும் வாங்கத்தான் வந்திருக்கேன்."

இரும்புப்பல் நான்கு பேர் கொண்ட இசைக்குழு. மூன்று பேர் வாசிப்பார்கள், ஒருவன் கத்துவான். நிகழ்ச்சிக்கு முன்பு மைதான வாசலில் அவர்களுடைய சொந்தக் கடை போட்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு அம்மாவின் வயதில் பாதிகூட இருக்காது. அம்மா ரசிகையாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

அவள் போன மாதம் நுரையீரல் நோயில் இறந்தாள். அடக்கத்தின்போது பேசியவர்கள் எல்லோரும் அவளைப் பொறுமைசாலி என்றார்கள். அது பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா வேலை பார்த்தது பழைய டயர்களைத் துண்டாக்கும் ஆலையில். மேடையில் நின்று கொக்கியால் டயரை இழுத்துத் தொட்டிக்குள் தள்ள வேண்டும். உள்ளே இரண்டு தண்டுகள், அவற்றில் உள்ளங்கை அகல இரும்புப் பற்கள். தண்டுகள் மெதுவாகத்தான் சுற்றும். எவ்வளவு மெதுவோ அவ்வளவு விசை. எனக்கு இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் வேலை. இந்த வகையை அளந்திருக்கிறேன். லாரி டயர் உள்ளே போகும்போதுகூட அதன் சத்தம் மாறுவதில்லை. மனிதக் கைக்கு மாறவே மாறாது.

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவரை முதல் நாள் காலையில் பிடித்து நிறுத்தி, பழைய ஆட்கள் பிளேடால் அவர் சட்டையின் தோள் தையலைப் பாதி அறுத்துவிடுவார்கள். துணி மாட்டினால் துணி மட்டும் போகட்டும் என்று. அம்மாவுக்கும் அறுத்தார்கள். அவள் தங்கைக்கு, அதாவது என் சித்திக்கு, அம்மாவே அறுத்தாள்.

பிறகு முதலாளி எல்லோருக்கும் கோட்டு கொடுத்தார். தடித்த துணி, இரட்டைத் தையல், முதுகில் ஆலையின் பெயர். அறுத்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார். கோட்டை எல்லோர் கையிலும் கொடுத்து மாட்டவைத்தவர் மேற்பார்வையாளர். அவர் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும் என்பதால் அவருக்கு ஹாரன் என்று பெயர்.

கோட்டு வந்த வாரமே சித்தியின் கைமடிப்பு பற்களில் மாட்டியது. கோட்டு கிழியவில்லை. நிறுத்தும் பொத்தான் அப்போது தூரத்துத் தூணில் இருந்தது. அம்மா ஓடிப்போய் அதை அடிப்பதற்குள் தோள் வரை போய்விட்டது. சித்தி மேடையிலேயே இறந்தாள். மறுநாள் பொத்தானை மேடைக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். கோட்டை மாற்றவில்லை.

அம்மா அழவில்லை. வீட்டில் தட்டுகளை உடைத்தாள். ஒருநாள் குளியலறைக் கதவைக் காலால் உதைத்துப் பிளந்தாள். நான் புதுக் கதவு போட்டேன். அதையும் உதைத்தாள்.

டயர் கொண்டுவரும் லாரி ஓட்டுநரின் பாட்டுப்பெட்டியில்தான் இரும்புப்பல்லைக் கேட்டாள்.

"என்னய்யா இது, யாரையாவது கொல்றாங்களா?"

"பாட்டுதான்கா."

"இவன் ஏன் இப்படிக் கத்துறான்?"

"அதான்கா பாட்டு."

"இன்னொரு தடவை போடு."

அன்று மாலை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "ஒருத்தன் எனக்கும் சேர்த்துக் கத்துறான்டி."

அதற்குப் பிறகு கதவு தப்பித்தது.

கடை வாசலுக்குத் திரும்புகிறேன். அம்மாவுக்கு ஒரு சட்டை வேண்டியிருந்தது, வேலைக்குப் போட. கோட்டை இனி தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். சித்தியைத் தின்ற துணியை எவன் சொன்னாலும் போடமாட்டாள். வேலையை விட்டும் போகமாட்டாள். "நான் போயிட்டா அந்தக் கோட்டு ஜெயிச்சிடும்," என்றாள்.

வரிசையில் நின்ற தாடிக்காரன் ஒருவன் அவளைப் புது ரசிகை என்று கண்டுகொண்டு உதவிக்கு வந்தான்.

"முதல்ல ஒண்ணு வாங்குறீங்கன்னா தொப்பி வெச்ச சட்டை எடுங்கம்மா. வருஷக்கணக்கா வரும்."

அம்மா அதன் கழுத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். "தூக்குல தொங்கவா?"

"சரி, கைப்பட்டை?"

"கை போயிடும்."

"மோதிரம்?"

"விரலையும் சேர்த்து உரிச்சிட்டு வரும். நேர்ல பாத்திருக்கேன்."

தாடிக்காரன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். உண்மைதான்.

கடைசியில் சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் விரிப்பில் குவித்து விற்றவனிடம் போனாள். திருட்டு அச்சு. முதல் இழுப்பிலேயே தோள் 'பர்ர்' என்று வாயைப் பிளந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

"இதேதான். இன்னொண்ணு குடு."

தாடிக்காரன் பின்னாலேயே வந்துவிட்டான். "ஐயோ, இது டூப்ளிகேட்டும்மா! உள்ளே போனா சிரிப்பாங்க. பேய்ப் படத்தைப் பாருங்க, மூணு பல்லு குறையுது."

"எனக்கு ரெண்டு குறையுது. நானே சிரிக்கிறேன்ல?"

கிழித்ததற்கும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டாள். உள்ளே கூட்டத்தினர் ஒருவரையொருவர் முட்டி மோதியபோது அவளும் மோதினாள். யாருடைய முழங்கையோ அவள் உதட்டைப் பிளந்தது. இரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் உள்ளே பாய்ந்தாள். பாடகன் கத்தியபோது அம்மா சித்தியின் பெயரைக் கத்தினாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

அடுத்த வேலை நாளில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையேறினாள். அதற்குப் பிறகு நடந்ததை அவளுடன் வேலை செய்த பெண்களும் அவளும் சொல்லித்தான் அறிந்தேன். இரு தரப்பும் சொன்னதில் வித்தியாசமில்லை.

"கோட்டு எங்க?" என்றார் ஹாரன்.

"ஆணியில தொங்குது."

"எடுத்துப் போடு."

"உன் தோள் தையலையும் அறுத்துத்தானேய்யா உன்னை இந்த மேடையில ஏத்தினாங்க? மறந்துட்டியா?"

"அது அந்தக் காலம். இப்ப முதலாளி சொல்றதுதான். போடு, இல்லன்னா எறங்கு."

"எறங்கமாட்டேன். போடவும் மாட்டேன்."

"வயசான காலத்துல பேய்ப் படம் போட்ட பனியன் கேக்குதா உனக்கு? அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே திமிரு."

அம்மா கையிலிருந்த கொக்கியின் பிடியால் அவர் வாயில் அடித்தாள். ஒரு பல் மேடையில் விழுந்தது. அவர் பாய்ந்துவந்து அவள் வயிற்றில் குத்தினார். அவள் குனிந்ததும் கழுத்துப் பட்டியைப் பிடித்துத் தொட்டிப் பக்கமாக இழுத்தார். மேடையிலிருந்து கீழே தள்ளத்தான் இழுத்தேன் என்று பிறகு அம்மாவிடம் சொன்னாராம். தொட்டிக்குள் தள்ள அல்ல. இருக்கலாம். சட்டை கழுத்திலிருந்து இடுப்பு வரை பிளந்தது. பிடி விட்டுப்போய் அம்மா பின்னால் விழுந்தாள். இழுத்த வேகத்தில் அவர் தொட்டி விளிம்பில் சாய்ந்தார். வலது கை உள்ளே தொங்கியது.

அவரும் கோட்டு போட்டிருந்தார்.

கைமடிப்பை முதல் பல் கவ்வியது. அவர் பின்னால் இழுத்தார். துணி அசையவில்லை. தையல் விடவில்லை. அவர் காலை விளிம்பில் உந்தி, உடல் முழுவதையும் பின்னால் சாய்த்துக் கத்தினார். விரல்கள் போயின. எலும்பு நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது என்று பெண்கள் சொன்னார்கள். இயந்திரத்தின் சத்தம் மாறவில்லை.

பிறகு தண்டு நின்றது. அம்மா பொத்தானை அமுக்கியிருந்தாள். தண்டைப் பின்னோக்கிச் சுற்றி அவரை வெளியே எடுத்தார்கள். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அம்மா தன் கிழிந்த சட்டையை உருவி அவர் முன்கையில் இறுக்கிக் கட்டினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை உள்ளாடையோடு அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹாரன் பிழைத்தார். மருத்துவமனையில் விசாரிக்க வந்த அதிகாரியிடம் அடிதடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கோட்டைப் பற்றி மட்டும் சொன்னார், தெருமுனை வரை கேட்கும்படி. முதலாளி எல்லாக் கோட்டுகளையும் திரும்ப வாங்கிக்கொண்டார். பிளேடு மறுபடியும் வந்தது.

அன்று அம்மா யாரோ கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமையலறைக் குழாயில் கை கழுவினாள். நகத்தடியில் இருந்தது போகவில்லை. நான் தூரிகையால் தேய்த்துவிட்டேன்.

பொத்தான் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று கேட்டேன். வேலைப் பழக்கம்.

"கை நீட்டினா தொடலாம்."

"விழுந்ததுல எழுந்திரிக்க முடியலையா?"

"உடனே எழுந்திரிச்சிட்டேன்."

குழாயை மூடினேன்.

"கை போகட்டும்னு நின்னேன்டி," என்றாள். "ஆள் வேணும்னு அமுக்கினேன். கோட்டைப் பத்தி அவன் சொன்னாத்தான் மேல இருக்கிறவங்க கேப்பாங்க."

பிறகு பசிக்கிறது என்றாள். சாப்பாடு போட்டேன். நன்றாகச் சாப்பிட்டாள்.