மதாம் லூசியாவின் வீட்டில் அம்மா செய்த கேக்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. மூத்த பிள்ளை என்பதால் அம்மாவைப் பற்றி எழுதும் பொறுப்பை அப்பா என்னிடம் தந்தார். அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பில் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தடுமாற்றம் வந்தது. ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன். விளங்காததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில், கடலுக்குக் கிட்டவுள்ள ஓர் ஊரில், ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். அம்மாவின் தகப்பனார் புகையிலைத் தோட்டம் செய்தவர், மிகுந்த ஆசாரம் உள்ளவர். அந்த வீட்டுக்குள் மீன் மட்டுமல்ல, முட்டையும் வராது. அம்மா கணக்கில் கெட்டிக்காரி. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஊரே இடம்பெயர்ந்தது. அம்மா ஒரு பக்கமும் புத்தகங்கள் வேறொரு பக்கமுமாகப் போனதில் படிப்பு நின்றுவிட்டது. அதைப் பற்றி அவர் குறைசொல்லி நாங்கள் கேட்டதில்லை. எங்கள் வீட்டுப் பாடத்தில் கணக்கு வந்தால் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார்.

பாரிசிலிருந்த அப்பாவுக்கு நிச்சயமாகி, கொழும்பில் பல மாதம் காத்திருந்து, அம்மா இங்கே வந்து சேர்ந்தார். அப்பா அப்போது ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில் குடியேறினார்கள். தம்பியும் நானும் அங்கேதான் பிறந்து வளர்ந்தோம். விடியமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகும் அம்மா, நாங்கள் பள்ளிக்குப் புறப்படும் நேரத்துக்கு வீட்டில் நிற்பார். கோபம் வந்தால் பாத்திரங்கள்தான் சத்தம் போடும், அம்மா பேசமாட்டார். ஊரிலிருந்து புதிதாக வந்த எத்தனையோ பேர் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் இதை வாசிப்பீர்கள்.

அம்மா பிறந்தது முதல் சைவம். எங்களுக்கு மீனும் இறைச்சியும் சமைத்துத் தருவார், தான் தொடமாட்டார். சமையலறையின் ஒரு மூலையில் சாமித்தட்டு. கீழே கேக் சுடும் அவண் இருந்தது. அதற்குள் தாச்சிகளையும் இடியப்பத் தட்டுகளையும் அடுக்கி வைத்திருந்தோம். அது சூடாகியதை நான் ஒருநாளும் காணவில்லை. எங்கள் பிறந்தநாட்களுக்கு பக்கத்துத் தெருவான ரூ பெர்தொனேயில் கேக் வாங்கினோம். ஒரு துண்டை அம்மாவின் வாயருகே கொண்டுபோனால், "முட்டை, எனக்கு வேண்டாம்" என்று சிரித்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வீட்டில் செய்த கேக் என்று நாங்கள் சாப்பிட்டது ஒன்றே ஒன்றுதான். அது மதாம் லூசியாவின் கேக். மதாம் லூசியா எங்கள் கட்டடத்தின் கார்டியன். படிகளைத் துடைத்து, கடிதங்களைப் பிரித்து வைத்து, கீழ்த்தளத்தில் ஓர் அறையும் சமையலறையுமாக உள்ள சிறிய வீட்டில் இருப்பவர். போர்த்துக்கல்காரி. ஒவ்வொரு வருடமும் கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு முதல்நாள் பின்னேரம் நாலு மாடி ஏறி வந்து கதவைத் தட்டுவார். கையில் ஆரஞ்சுத் தோல் சீவிப் போட்ட வட்டமான தோடம்பழக் கேக் இருக்கும். அம்மா கதவைத் திறந்து, "மெர்சி மதாம், மெர்சி" என்று நன்றி சொல்லி இரண்டு கையாலும் வாங்குவார். கேக்கில் ஏலக்காய் வாசம் அடிக்கும். அதைப் பற்றி ஒருமுறை நான் கேட்டபோது அப்பா விளக்கம் சொன்னார்.

"போர்த்துக்கல்காரர் ஒருகாலம் எங்கடை நாட்டை ஆண்டவை எல்லே? ஏலக்காயை அப்பவே கொண்டு போயிருப்பினம்."

அம்மாவோ, நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"சீனி காணுமோ?"

"கொஞ்சம் கூடிப்போச்சு அம்மா."

"தோல் கைக்குதோ?"

"என்னத்துக்கு இவ்வளவு கேக்கிறீங்கள்? ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கோவன்" என்றான் தம்பி ஒரு வருடம்.

"எனக்கு என்னத்துக்கு? சும்மா கேட்டனான்."

அடுத்த வருடம் சீனி குறைந்திருக்கும். அதை நாங்கள் ஒரு விஷயமாக எண்ணியதே இல்லை.

போன வருடம் கோடை முடியும்போது அம்மாவுக்கு வயிற்று நோ தொடங்கியது. பரிசோதனைகள் முடிந்தபோது வைத்தியர்கள் அதிக நம்பிக்கை தரவில்லை. மரங்கள் இலை உதிர்த்த நாட்களை அம்மா மருத்துவமனை யன்னலால் பார்த்தார். கடைசிக் கிழமையில் மருந்தின் மயக்கம் கூடியது. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்து, "முட்டையை முதலே வெளியிலை எடுத்து வை. குளிரோடை போட்டால் சரிவராது" என்றார். நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "நினைவு தடுமாறுது" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நம்பினேன். "ஓம் அம்மா, எடுத்து வைக்கிறன்" என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து அம்மா அமைதியாகப் போய்விட்டார்.

தகனச்சாலையில் எங்கள் உறவுகளுக்குப் பின்னால், முதலில் எனக்கு அடையாளம் தெரியாத, தமிழரல்லாத சிலர் வந்து நின்றார்கள். மண்டபம் மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தம்பி போய் மெதுவாகச் சொன்னான். அவர்கள் நகரவில்லை. அவர்களில் ஒருவர் எங்கள் தெருவின் மருந்துக்கடைக்காரி என்பதைக் கிட்டப் போனபோதுதான் கண்டுகொண்டேன். இன்னொருவர் அம்மாவோடு துப்புரவு வேலை செய்த மாலிநாட்டுப் பெண். மருந்துக்கடைக்காரி என் தோளைத் தொட்டு, "இனி எங்களுக்கு அந்தத் தோடம்பழக் கேக்கை யார் செய்வார்கள்?" என்றார்.

"அது மதாம் லூசியா செய்வது" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இல்லையே. உங்கள் அம்மா செய்வது."

துக்கத்தில் ஏதோ மாறிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். ஆனால் மாலிநாட்டுப் பெண்ணும் அதையே சொன்னார். அன்று வீடு திரும்பியதும் கீழ்த்தளத்துக் கதவைத் தட்டினேன். மதாம் லூசியா என்னைக் கண்டவுடன் அழுதார். பிறகு சமையலறைக்குக் கூட்டிப்போனார். சுவரில் அம்மாவின் பழைய நீலச் சேலைத் துணியில் தைத்த ஏப்ரன் ஒன்று தொங்கியது. அந்தச் சேலை கிழிந்துபோய்விட்டது என்று அம்மா சொல்லியிருந்தார்.

அவர் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "என் கணவர் இறந்த வருடம், இறந்தவர்களை நினைக்கும் தூசான் விடுமுறை நேரம், நவம்பர் தொடக்கம். கட்டடத்தில் பாதிப்பேர் ஊரில் இல்லை. உன் அம்மா ஒரு சட்டியில் சோறும் பருப்பும் கொண்டுவந்தார். நான் அழுதுகொண்டே மா பிசைந்துகொண்டிருந்தேன், பழக்கத்தில் இரண்டு பேருக்கு. அவர் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். அன்று தொடங்கியது."

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் தூசானிலிருந்து ஜனவரியில் வரும் மூவரசர் திருநாள் வரை, சனிக்கிழமைப் பின்னேரங்களில் அம்மா அங்கே போயிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் உடுப்புத் தோய்க்கும் கடையில் மெஷினுக்குக் காவல் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். உடுப்பும் தோய்த்துக் காய்ந்து மடித்துத்தான் வரும். தம்பியின் இழுப்பு நோய்க் காலத்தில் கடை பூட்டியபிறகும் மருந்து எடுத்துத் தந்த மருந்துக்கடைக்காரி, அம்மா காய்ச்சலில் கிடந்தபோது அவர் பங்கு வேலையையும் செய்த மாலிநாட்டுப் பெண், என்னைப் படிப்பித்த ஆசிரியை என்று எங்களுக்கு நன்மை செய்தவர்களுக்கெல்லாம் கேக் போயிருக்கிறது. "மெர்சி மிகவும் சின்னச் சொல் என்பார் உன் அம்மா. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் அதைவிடப் பெரிய சொல் இருக்கவில்லை" என்றார் மதாம் லூசியா.

"அப்ப எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? எங்கள் வீட்டுக்கு நீங்கள் செய்ததுபோல ஏன் கொண்டுவந்தீர்கள்?"

"அவர்தான் அப்படிக் கொண்டுவரச் சொன்னார். ஏன் என்று நானும் கேட்டேன். சிரித்தார்."

"ஏன் சிரித்தார்?"

"எனக்குத் தெரியாது மகளே. அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் உனக்குத் தெரியும்தானே. மா பிசைய அது போதும். மற்றதற்குப் போதாது."

முட்டையை எப்போது வெளியே எடுப்பீர்கள் என்று கேட்டேன். "காலையிலேயே. குளிராக இருந்தால் மா திரைந்துவிடும். அதில் உன் அம்மா மிகக் கண்டிப்பு" என்றார். கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் நினைவு தடுமாறியிருக்கவில்லை. நாங்கள்தான் விளங்காமல் இருந்திருக்கிறோம். கடைசியாக ஒன்று கேட்டேன். "அம்மா அதைச் சாப்பிடுவாரா?"

"சாப்பிடாமல்? ஓரத்துத் துண்டு. எப்போதும் நின்றபடி, யன்னலுக்குப் பக்கத்தில்."

மேலே வந்து சொன்னபோது அப்பா நம்பவில்லை. "அந்த மனுசிக்கு வயசு போட்டுது. உன்ரை அம்மா முட்டை தொடாதவ. இத்தனை வருசம் கூட இருந்த எனக்குத் தெரியாதே?"

தம்பி வழக்கம்போல முதலில் பிரெஞ்சில் பதில் சொன்னான். பிறகு அப்பாவுக்காகத் தமிழில் தேடித் தேடிச் சொன்னான். "வீட்டிலை செய்தால் அது எங்கடை வேலை மாதிரி அப்பா. நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்பம். அங்கை ஒருத்தரும் கேக்கேல்லை. அதாலையாக்கும்."

"சாமித்தட்டுக்குக் கீழை முட்டை உடைக்கக் கூடாது எண்டு போயிருப்பா" என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, "நான் ஏசுவன் எண்டு நினைச்சாவோ தெரியேல்லை. நான் ஏசியிருக்க மாட்டன்" என்றார். எனக்கோ முதலில் வந்தது கோபம். எங்களுக்குத் தெரியாமல் அம்மாவுக்கு ஒரு சிரிப்பும் ஒரு சமையலறையும் இருந்தன என்பது குத்தியது. பிறகு அந்தக் கோபத்தை நினைத்து வெட்கம் வந்தது. இரண்டும் இன்றுவரை மாறிமாறி வருகின்றன.

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி நத்தாரை ஒட்டி வந்தது. படையலில் அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்கவேண்டும். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பயற்றம் பணியாரம் எல்லாம் உறவுகள் செய்து கொண்டுவந்தார்கள். கேக்கும் வைக்கவேண்டும் என்று தம்பி நின்றான். முட்டை போட்டதை இலையில் வைத்தால் அம்மாவுக்குச் செய்யும் பாவம் என்று அப்பா நின்றார். நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் காலையில் முட்டையை வெளியே எடுத்து வைத்து, மதாம் லூசியா பக்கத்தில் நிற்க, அவர் அவணில் ஒரு கேக் செய்தேன். அது நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு என்னோடு மேலே வந்தார்.

அப்பா வாசலில் அவரை மறித்தார். ரெஸ்ரோரண்டுச் சமையலறையில் பழகிய பிரெஞ்சில், "மதாம், என் மனைவி இதைச் சாப்பிட்டாளா? உண்மையைச் சொல்லுங்கள்" என்றார்.

மதாம் லூசியா கேக்கை என் கையில் தந்தார். பிறகு படிக்கட்டு யன்னலருகே போய், ஒரு கையைத் தாடைக்குக் கீழே ஏந்தி, மற்றக் கையால் வாயில் வைப்பதுபோலக் காட்டினார். வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் துகள் சிந்தாமல் அம்மா ஏந்தும் அந்த இடக்கைதான் அது. அப்பா வாசலை விட்டு விலகினார்.

"அப்ப வை பிள்ளை" என்றார்.

"அப்பா, முட்டை…"

"சாப்பிட்டவ எண்டால் ஆசையாச் சாப்பிடட்டும். சாப்பிடாதவ எண்டால் அதை விட்டிட்டு மற்றதைச் சாப்பிடட்டும். நான் இப்ப ஆரிட்டைக் கேக்கிறது?"

இலையின் ஓரத்தில், புட்டுக்குப் பக்கத்தில் கேக் துண்டை வைத்தோம். கற்பூரம் கொளுத்தியபோது மதாம் லூசியா தம் முறைப்படி சிலுவை இட்டுக்கொண்டார்.

அம்மாவின் நோய்க்காலத்தில் இரவுபகல் பாராமல் கவனித்த தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் உணவு அனுப்பிய லா ஷப்பல் கடைக்காரர்களுக்கும், லா கூர்னெவிலிருந்து தினமும் வந்து அப்பாவோடு இருந்த அவருடைய வேலைத்தோழர்களுக்கும், தொலைவிலிருந்து தொலைபேசியில் அழுத உறவுகளுக்கும், மண்டபம் மாறி வராமல் எங்களைத் தேடியே வந்தவர்களுக்கும், மதாம் லூசியாவுக்கும் எங்கள் நன்றி. அம்மா சொன்னது சரி. நன்றி என்பதும் சின்னச் சொல்லாகத்தான் இருக்கிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்களில் யாருக்காவது அம்மா அந்தக் கேக்கைத் தந்திருந்தால், தரும்போது ஏதாவது சொல்லியிருந்தால், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை, ஆறுதலாக ஏறுங்கள். வந்து அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் இன்னும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூத்த மகள்
லா ஷப்பல், பாரிஸ்